பாதியில் தீர்த்த கடன்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, வங்கியின் கடன் பிரிவுப் பெண் அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதல் கடிதம் என் கையில் இருந்தது. திரையில் அக்காவின் பெயர், கீழே சிவப்பில் ஒரு கடன் மதிப்பெண், அதற்கும் கீழே ஒரு வரி: தவணை நின்ற கடன், நட்டக் கணக்கில் எழுதப்பட்டது, குறைந்த தொகைக்குத் தீர்க்கப்பட்டது.

அக்கா பன்னிரண்டு வருடமாக ஒரு சலவைக் கடையில் வேலை செய்கிறாள். வயதான முதலாளி கடையை விற்கிறார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வங்கியின் கடன் கடிதத்தைக் காட்டினால் கடை அக்காவுக்கு. இல்லாவிட்டால், அடுத்த தெருக்காரர் ரொக்கத்தோடு காத்திருக்கிறார். நான் மாலை வகுப்பில் கணக்கியல் படிப்பதால் காகித வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா என்னை "எங்க வீட்டுக் கணக்குப்புலி" என்றுதான் சொல்வாள்.

திரையில் இருந்தது என் மடிக்கணினிக் கடன். மூன்று வருடத்துக்கு முன் எனக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் அக்கா ஒரு நிதி நிறுவனத்தில் தன் பெயரில் வாங்கிக்கொடுத்தாள். மாதத் தவணை என் பொறுப்பு. ஆறாவது தவணைக்குப் பிறகு அச்சகத்தில் என் வேலை போயிற்று. அக்காவிடம் சொல்லவில்லை. அவள் பெயருக்கு வந்த கடிதங்களை நானே முந்திப்போய் எடுத்து, துளையிட்டு, தேதி வரிசையில் நீலக் கோப்பில் வைத்தேன். மொத்தம் ஏழு. எட்டு மாதம் தவறிய பிறகு, இனி வராது என்று கணக்கை நட்டத்தில் எழுதிவிட்டதாகவும், முடிந்ததைக் கட்டித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். இரண்டு வாரம் பேரம் பேசி, பாக்கியில் பாதிக்கும் கீழே இறக்கிக் கட்டி முடித்தேன். அன்றைய நாட்குறிப்பில் 'இன்று கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தேன்' என்று எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

"கடன் குடுத்தவங்களுக்கு அது முடிஞ்ச கதை," என்றார் அதிகாரி. "ஆனா முழுசா கட்டினவங்க ஒரு வரிசை, பாதியில தீர்த்தவங்க வேற வரிசை. உங்க அக்கா இப்ப ரெண்டாவது வரிசையில நிக்கறாங்க."

மீதியைக் கட்டினால் அந்த வரி மாறும். தவணை தவறிய தடம் மட்டும் சில வருடங்கள் இருக்கும் என்றார். மீதி கட்டியதற்கான கடிதம், நடந்ததை விளக்கி அக்கா கையெழுத்திட்ட ஒரு பக்கம், நல்ல கடன் பதிவு உள்ள ஒரு ஜாமீன்தாரர். மூன்றும் இருந்தால் மேலாளர் தனியாகப் பரிசீலிக்கலாம்.

புதன்கிழமை, தேர்வுக் கட்டணத்துக்கு வைத்திருந்ததையும் இந்த மாதச் சம்பளத்தையும் சேர்த்து மீதியைக் கட்டினேன். பணத்தை உடனே வாங்கிக்கொண்டார்கள். கடிதத்துக்குப் பத்து வேலை நாள் ஆகுமாம். ரசீது மட்டும் கிடைத்தது. இரவு சாப்பிடும்போது வங்கி என்ன சொல்கிறது என்று அக்கா கேட்டாள். பார்க்கிறார்கள் என்றேன். அவள் கடைக்கு வைக்கப்போகும் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள்.

வியாழக்கிழமை மதியம் நீலக் கோப்போடு கடைக்குப் போனேன். அக்கா துணிகளில் பெயர்ச் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். அந்த வேலையை அவள் யாரிடமும் விடுவதில்லை. சீட்டு மாறினால் ஒருவர் துணி இன்னொருவர் வீட்டுக்குப் போய்விடும். நான் முதலிலிருந்து சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் கேட்டாள்.

"எத்தனை மாசம் கட்டல?"

"எட்டு."

"தீர்ந்துபோச்சுன்னு சொல்ற. கறை எடுத்த எடம் வெளுத்து நிக்குமே, அந்த மாதிரியா?"

"ஆமாக்கா."

"அப்ப அந்த ஆபீசரம்மா, நான்தான் கட்டாம ஏமாத்தினேன்னு நெனச்சிருப்பாங்க."

நீலக் கோப்பை அவள் முன்னால் வைத்தேன்.

"பேரம் வேற பேசியிருக்க. என் பேர வச்சு." கடைசிச் சீட்டைக் குத்திவிட்டு ஊசியை மேசையில் வைத்தாள். "எங்கடா கையெழுத்துப் போடணும்? நாளைக்கு நானும் வர்றேன்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றேன். ரசீதையும் விளக்கப் பக்கத்தையும் அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டு, ஜாமீன் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். போன வருடத்திலிருந்து எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது. சம்பளச் சீட்டுகளை வரிசையாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தேன். அவர் என் அடையாள எண்ணைத் தட்டிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே தம்பி. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. நீங்க கடன் வாங்கினதே இல்லையா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது.

பதிவே இல்லாதவர் ஜாமீன் நிற்க முடியாது என்றும், நிதி நிறுவனத்தின் கடிதம் வந்தபின் மறுபடி விண்ணப்பிக்கும்படியும் சொன்னார்கள். நாலரைக்கு அக்கா முதலாளியிடம் போய் இரண்டு வாரம் கேட்டாள். அன்றே பணம் தருவதாக அவர் தன் மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாராம். ஐந்து மணிக்கு அடுத்த தெருக்காரர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். எந்த இயந்திரம் எப்போது முரண்டு பிடிக்கும் என்று அக்காதான் அவருக்குக் காட்டிக்கொடுத்தாள். திங்கள் முதல் அவரிடம் அதே சம்பளத்துக்கு வேலை.

வீடு திரும்பும் வழியில் ஒரு மின்சாமான் கடை முன்னால் நின்றாள். கண்ணாடிக்குள் ஒரு நீராவி இஸ்திரிப் பெட்டி இருந்தது. விலைச்சீட்டின் கீழே 'பத்துத் தவணை' என்று போட்டிருந்தது.

"உள்ள போ," என்றாள். "உன் பேர்ல வாங்கு. மாசாமாசம் ரசீத என் கையில குடுக்கணும். இனிமே வீட்டுக்கு வர்ற கவர் எல்லாத்தையும் நான்தான் பிரிப்பேன்."

படிவத்தில் கடன் பெறுபவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். முதல் தவணை ஐந்தாம் தேதி. அக்கா அருகில் நின்று, எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.