கீதமணிக்கு எந்தப் பாட்டு

“நாடகக்காரி பேரையா எம் புள்ளைக்கு வச்சீக? பதினெட்டு வருசமா அந்தப் பேரைச் சொல்லி நானும் கோயில்ல முழங்கால் போட்டிருக்கேனே.”

ஞானப்பூ போட்ட சத்தத்தில், அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மகள் கீதமணி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் வேலியோரம் நின்று ஒரே முருங்கைக் கொத்தை வெகுநேரமாக உருவிக்கொண்டிருந்தாள். அதில் இலை எப்போதோ தீர்ந்துவிட்டது.

சிலுவைமுத்து பதிலுக்குக் கத்தத்தான் செய்தார். ஆனால் என்ன கத்துகிறார் என்று அவருக்கே பிடிபடவில்லை. நாடகமாவது கூத்தாவது என்றார். பேர் பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தது என்றார். எந்தப் பாட்டு என்று கேட்டால், அதான் நடுவிலே வருமே என்றார்.

மற்ற நாளாக இருந்தால் இந்தச் சண்டை கஞ்சி குடிக்கிற நேரத்தில் அமர்ந்திருக்கும். அன்றைக்கு மத்தியானம் அருப்புக்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை செல்வதுரை வீட்டார் நிச்சயம் பண்ண வருகிறார்கள். ஜெர்மன்காரனோடு நடந்த உலகச் சண்டை ஓய்ந்த மறு வருஷம் அது. மண்ணெண்ணெய்க்கு இன்னும் வரிசையில் நிற்கிற காலம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுப் பெண்ணுக்குத் தறியும் ஓட்டுவீடும் உள்ள டவுன் மாப்பிள்ளை கிடைப்பது சும்மா இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் அத்தை அற்புதமேரி நேற்றே ஆள்மூலம் சொல்லியனுப்பிவிட்டாள். கீதமணி என்று ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஊர்க் கொட்டகையில் ஒரு நாடகக்காரி பாடிவிட்டுப் போயிருக்கிறாளாம். பெண்ணின் பேர்ப்பாட்டைக் காதால் கேட்ட பிறகுதான் வெற்றிலை மாற்றுவார்களாம்.

பேர்ப்பாட்டு என்பது அந்த வட்டாரக் கிறிஸ்தவச் சபைக் குடும்பங்களுக்குள் இருந்த ஒரு வழக்கம். பிள்ளைக்குப் பேரைக் கோயில் பாட்டிலிருந்துதான் எடுப்பார்கள். எந்தப் பாட்டிலிருந்து எடுத்தார்களோ அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். நிச்சயத்தன்று தகப்பன் அதை எடுத்துக்கொடுக்க, வந்தவர்கள் சேர்ந்து பாடி முடித்தால்தான் காரியம் நடக்கும். மூத்தவள் ஜெயசெல்விக்கு வெற்றி கொண்டாடும் பாட்டு ஒன்று இருந்தது. அவள் நிச்சயத்தில் அதைப் பாடிய பாட்டில் மாட்டுத்தொழுவத்துக் கன்று அறுத்துக்கொண்டு ஓடியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு எடுத்துக்கொடுப்பவரே சிலுவைமுத்துதான். ஊருக்கெல்லாம் பாட்டு எடுத்துக்கொடுத்தவருக்குத் தன் வீட்டுக்கு ஒரு பாட்டு அகப்படவில்லை.

ஞானப்பூ இத்தனை வருஷம் கேட்காமல் இருந்தாளா என்றால், கேட்டாள். கீதமணி பிறந்ததும் அவளுக்கு ஜன்னி கண்டுவிட்டது. ஞானஸ்நானம் அவள் இல்லாமலேயே நடந்தது. நினைவு திரும்பிக் கண்ணைத் திறந்தபோது பிள்ளைக்குப் பேர் இருந்தது. பாட்டு எது என்றதற்கு, புத்தகத்தின் நடுவில் இருக்கிறது என்றார் புருஷன். எழுத்துத் தெரியாதவள், நடுவில்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள்.

இப்போது அவர் புத்தகத்தைப் புரட்டி ஒன்றை ஆரம்பித்தார். அது ஜெயசெல்வியின் பாட்டு. இன்னொன்றை இழுத்தார். அது கிறிஸ்துமஸ் பாட்டு. கீதமும் இல்லை, மணியும் இல்லை. மூன்றாவதை அவர் எடுத்ததும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கருத்தம்மாள் வாய் திறந்தாள். அவள் வீட்டில் கும்பிடுவது இருளப்பசாமியை. ஆனால் வேலிவழியாகக் கேட்டுக் கேட்டுச் சபைப் பாட்டு அத்தனையும் அவளுக்குப் பாடம்.

“மதினி, இது போன மாசம் கல்லறையில பாடுனதுல்ல?”

சிலுவைமுத்து புத்தகத்தை மூடினார். கருத்தம்மாள் வாயை மூடவில்லை. கீதமணி பிறப்பதற்கு முந்தின ஆடியில் தன் வீட்டுக்காரரும் இவரும் ஒரே வண்டி கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு நாடகம் பார்க்கப் போனதையும், விடிந்து திரும்பி ரெண்டு பேரும் பருத்தி விற்கப் போனதாகச் சொன்னதையும், அது பருத்தி வெடிக்காத மாசம் என்பதையும் எடுத்து வைத்தாள். அவள் வீட்டுக்காரர் செத்து நாளாகிவிட்டது. கூட்டி வந்து கேட்கவும் வழியில்லை.

ஞானப்பூவுக்குத் தலை சுற்றியது. போனாரா என்றால் போனேன் என்கிறார். பேர் அதுதானா என்றால் இல்லை என்கிறார். பிறகு எது என்றால் திரும்பவும் புத்தகத்தை எடுக்கிறார். ஒரு மனுஷன் பாதிப் பொய் சொன்னால் எந்தப் பாதியைப் பிடிப்பது?

“நாடகக்காரி பேரா இருந்தா என்னம்மா,” என்றாள் கீதமணி. “எஸ்தர்னு சொல்லிருவோம். எஸ்தருக்கு அப்பாகிட்ட நல்ல பாட்டு இருக்கு.”

“பத்திரிகை அடிக்கப் போற நேரத்துல பேரு மாத்துறாளாம்,” என்று அவளை அடுப்படிக்கு விரட்டினாள் தாய்.

கொஞ்ச நேரம் கழித்துச் சிலுவைமுத்து ஞானப்பூவை வைக்கோல் போருக்குப் பின்னால் கூப்பிட்டார். இந்த வயசில் இதென்ன என்று கருத்தம்மாள் கழுத்தை நீட்டியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நீ பாடுனதுதாண்டி அது. ஜன்னியில கெடந்தப்ப. புள்ளை அழுகுறது கூடக் கேக்காம, கண்ணை மூடிக்கிட்டு மழைக்கஞ்சிப் பாட்டா பாடிக்கிட்டு இருந்த. அது நின்னா ஒன் உசுரு நின்னுருமோன்னு நான் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். அதான் கீதமணின்னு வச்சேன்.”

மழை பொய்த்த வருஷங்களில் பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி, கண்மாய்க்கரையில் ஊற்றிக் குடித்து, வானத்தைப் பார்த்துப் பாடுகிற பாட்டு அது. ஞானப்பூவின் தாய்வீடு சபையில் சேருவதற்கு முந்தி, அவளும் சட்டி ஏந்திப் போனவள்தான். சேர்ந்த பிறகு அதை வாயில் எடுத்ததில்லை.

“இதைச் சொல்றதுக்கா பதினெட்டு வருசம்?”

“கோயில்ல பாட்டு எடுத்துக்குடுக்குறவன் பொஞ்சாதி ஊர்ச்சாமி பேரைச் சொல்லி மழை கேட்டாள்னு போதகரய்யாகிட்டப் போயிச் சொல்லச் சொல்றியா?”

அவர் கண் கலங்கித்தான் இருந்தது. நாடகம் பார்த்துவிட்டு வந்தவருக்கும் கண் கலங்கத் தெரியும் என்று ஞானப்பூவுக்குத் தோன்றியது. தான் பாடியது தனக்கு ஞாபகம் இல்லை. சாட்சிக்கு வேலிக்குப் போய்க் கருத்தம்மாளிடம் கேட்டாள். அன்றைக்கு ஏதோ சத்தம் கேட்டது வாஸ்தவம், பாட்டோ முனகலோ தெரியாது என்றாள் அவள். ஊரில் யார் வீட்டுக் குழம்பில் உப்பு இல்லை என்று மணத்தை வைத்துச் சொல்கிறவளுக்கு, வேண்டிய இடத்தில் காது போய்விட்டது.

மத்தியான பஸ்ஸில் செல்வதுரை வீட்டார் வந்து இறங்கினார்கள். வெற்றிலைத் தட்டு வைத்தாயிற்று. அற்புதமேரி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேர்ப்பாட்டு ஆகட்டும் என்றாள். சிலுவைமுத்து எழுந்தார். வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது.

ஞானப்பூ அவரைப் பார்த்தாள். நாடகக்காரிக்குப் பயந்து நிற்கிறாரா, போதகருக்குப் பயந்து நிற்கிறாரா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. கதவு இடுக்கில் கீதமணியின் முகம் தெரிந்தது. காலையில் எஸ்தர் என்று சிரித்தவள் இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஞானப்பூ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஆரம்பித்தாள்.

கம்மங் கருது காத்தோட போச்சு
கம்மாத் தண்ணி கானலாப் போச்சு
ஊரெல்லாம் ஏந்துறோம் உப்பில்லாக் கஞ்சி
ஒத்த மேகம் எங்க பக்கம் திரும்பாதோ

முதல் அடியில் குரல் பிசிறியது. அப்புறம் எங்கிருந்தோ அடி மேல் அடியாக வந்து விழுந்தது. சாமி பேர் வருகிற இடத்தில் மட்டும் ஒரு இருமல் இருமினாள்.

“இதுல கீதமும் வரலை, மணியும் வரலையே,” என்றாள் அற்புதமேரி.

“முழுசும் பாட்டாயிருக்கு மதினி. அதுக்குப் பேரு வைக்கணும்னா வேற என்னன்னு வைக்க?”

“கோயில் பாட்டா இது?”

“மழை எந்தச் சபைன்னு நீங்க சொல்லுங்க, நான் பாட்டைச் சொல்றேன்.”

அற்புதமேரி அண்ணனைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தகப்பன் டவுனுக்குக் குடிபோகுமுன் பாலவனத்தத்தில் கம்பு விதைத்தவர். அவர் யாரையும் பார்க்காமல் தட்டைத் தன் பக்கம் இழுத்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அவர் எடுத்த பிறகு அற்புதமேரியும் ஒரு பாக்கை எடுத்துக்கொண்டாள். அன்றைக்கு ஒரு தூறல்கூட விழவில்லை.

வைகாசியில் கல்யாணம் முடிந்து கீதமணி அருப்புக்கோட்டைக்குப் போனாள். அவளுக்குப் பிறந்த பெண்ணுக்கு ரூத் என்று பேர் வைத்தார்கள். பாட்டு எது என்று யாரும் கேட்கவில்லை. மறுபடி கஞ்சிப் பாட்டு வந்துவிடும் என்று அற்புதமேரி கேட்க விடவில்லை. பிறகு அவளும் மகனோடு காரியாபட்டிக்குக் குடிபோனாள். சிலுவைமுத்து சபையில் பாட்டு எடுத்துக்கொடுப்பதை வேறு ஆளிடம் விட்டார். ஞானப்பூ நாடகக்காரியைப் பற்றி அவரிடம் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அவர் வண்டி பூட்டும்போதெல்லாம் எங்கே என்று கேட்டாள்.

கருத்தம்மாள் மகள் வீட்டோடு பாலவனத்தம் போய்ச் சேர்ந்தாள். அங்கேயும் வேலி இருக்கிறது. அருப்புக்கோட்டைக் கொட்டகையில் பாடிய கீதமணி எவ்வளவு சிவப்பு என்பது அந்தத் தெருவுக்கே தெரியும் என்கிறார்கள்.