சிவஞானம் முதலாளியின் சாம்பல்

சாம்பலில் விஷம் இருப்பது தனக்குத் தெரியாது என்று சிவஞானம் முதலாளி சொன்னதை, தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் முக்கால்வாசிப் பேர் நம்பினார்கள். யசோதினி நம்பவில்லை. ‘தெரியும்’ என்ற ஒரு சொல்லை அவர் வாயிலிருந்தே, ஊரார் முன்னால், பிடுங்கி எடுக்க வேண்டும். நாலு வயது மகள் சிவசக்தியைத் தேயிலை மலைக்கு மேலே புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு வேலை இருக்கவில்லை. கொழுந்து பறித்தது கை மட்டுந்தான்.

சிவஞானம் பதுளை டவுனில் பெட்டரிக் கடை வைத்திருப்பவர். லொறிகளுக்கும் ஓட்டோக்களுக்கும் புதியதை விற்பார், பழையதை வாங்குவார். நமுனுகுல மலையடிவாரத்தில், இவர்கள் தோட்டத்தின் மேல்பிரிவில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையை எடுத்து, பழைய பெட்டரிகளை அங்கே உடைத்தார். உள்ளேயிருந்த ஈயத்தை உருக்கிக் கட்டியாக்கிக் கொழும்புக்கு அனுப்பினார். லயத்து ஆண்கள் பதினொரு பேருக்கு வேலை கிடைத்தது. உலையில் மிஞ்சிய சாம்பலை அவர் வீசவில்லை. சாக்கில் கட்டி லயத்துக்கே கொடுத்தனுப்பினார்.

“அம்மன் திருவிழா வருதில்ல, பால்குடம் விளக்க வெச்சுக்கங்க. சும்மாதான் தர்றேன்.”

திருவிழாவுக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் பித்தளைக் குடத்தை வெளியே எடுத்து விளக்குவார்கள். புளியும் செங்கல் தூளும் போட்டால் அரைநாள் போய்விடும். இந்தச் சாம்பல் மாவு மாதிரி மெல்லியது. நாலு தேய்ப்பில் குடம் வெயிலாக மின்னியது. திருவிழா முடிந்த பிறகும் பெண்கள் அதை விடவில்லை. கஞ்சிப்பானை, தேத்தண்ணிக் கேத்தல், பிள்ளைகளின் தம்ளர் எல்லாவற்றையும் அதிலேயே விளக்கினார்கள். தண்ணீர் கொட்டும் பீலியடியில் யசோதினி உட்கார்ந்தால் சிவசக்தியும் பக்கத்தில் உட்காருவாள். அவளுக்கென்று ஒரு குட்டிச் செம்பு. விரலை நாக்கில் தொட்டுச் சாம்பலில் ஒற்றித் தேய்ப்பாள். மறுபடி நாக்கில் தொடுவாள்.

முதலில் செத்தவை நாய்கள். குளிருக்கு உலைச் சாம்பலின் சூட்டில் படுத்துறங்கிய இரண்டு நாய்கள் கால்களை வெட்டி வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளிக் கிடந்தன. யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். பிறகு தொழிற்சாலைக்குக் கீழே ஓடும் ஓடையில் தவளைச் சத்தம் நின்றது. கரையில் ஒரு கொக்கு தலையைத் தூக்க மாட்டாமல் இரண்டு நாள் நின்று, மூன்றாம் நாள் விழுந்தது. அதைப் பற்றி யாரும் பேசவேயில்லை.

சிவசக்திக்கு வயிற்றுவலி வந்தது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். பிறகு தெரிந்த சொற்களை மறக்கத் தொடங்கினாள். பூனையைக் காட்டிக் கேட்டால் வாயைத் திறந்துகொண்டு பார்த்தாள். ஒரு காலையில் நாய்களுக்கு வந்த அதே வலிப்பு அவளுக்கும் வந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் டொக்டர் ஷஹீலா என்ற இளம் பெண் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு, கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

“வீட்டுல பாத்திரம் எதுலம்மா கழுவுறீங்க?”

யசோதினி சொன்னாள். டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக் காட்டினாள்.

“அது சாம்பல் இல்லம்மா. ஈயம்.”

ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது. கணவன் வடிவேல் கொழும்பிலிருந்து வந்து, காரியம் முடிந்ததும் கடை வேலைக்குத் திரும்பினான். அவன் அழுது தீர்த்தான். இவள் அழவில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். வருவது முதல்நாளே தெரிந்திருந்ததால் உலை அணைந்து, தரை கழுவியிருந்தது. சிவஞானம் எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சத்தியமா எனக்கு எப்படிங்க தெரியும்? என் வீட்டிலயும் இதே சாம்பல்தான். என் பேத்தி குடிக்கிற தம்ளரையும் இதுலதான் விளக்குறாங்க.”

பதினொரு பேருக்கும் வேலை வேண்டியிருந்தது. அதனால் நம்புவது சுலபமாக இருந்தது. இரண்டு மாதத்தில் உலை மறுபடி புகைந்தது.

யசோதினி காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் நின்று, நாலு நாள் பதுளைக்கு பஸ் ஏறினாள். சிவஞானத்தின் வீட்டுக்கு எதிரே பஸீல் நானாவின் துணிக்கடை. வெயிலுக்கு ஒதுங்குவதுபோல் அங்கே நின்றாள். நாலு நாளும் மூன்று மணிக்கு முதலாளியின் கார் வந்தது. நாலு நாளும் அவர் சப்பாத்தை வாசல் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றினார். மதிலோரப் பைப்பில் தலையோடு குளித்தார். கழற்றிய உடுப்பை மூடி போட்ட வாளிக்குள் போட்டுவிட்டு, வேறு உடுத்திக்கொண்டுதான் வீட்டுப்படி ஏறினார். அதற்குப் பிறகுதான் அவர் மனைவி வள்ளியம்மை பேத்தியை அவர் கையில் கொடுத்தாள்.

“முதலாளி ரொம்பச் சுத்தக்காரரோ நானா?” என்று கேட்டாள்.

பஸீல் துணியை மடித்துக்கொண்டே சிரித்தார். “முந்தியெல்லாம் அப்படியில்ல தங்கச்சி. சப்பாத்தோட கட்டில்ல ஏறுற மனுசன். பேத்தி பொறந்ததுல இருந்துதான் இந்தக் குளிப்பு. கொழும்புல ஒரு டொக்டர்கிட்ட காட்டினாராம், அந்தத் தூசு புள்ளக்கி ஆகாதுன்னு சொன்னாராம். ஏன், என்ன விசயம்?”

“ஒண்ணுமில்ல நானா.”

பஸ்ஸில் திரும்பும்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். பேத்திக்கு அப்போது ஒன்றரை வயது. சாம்பல் லயத்துக்கு வந்து ஒரு வருஷம். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தன் வீட்டு வாசலில் கழுவி விட்டதை இவர்கள் வீட்டுக்குச் சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறார்.

சாவு விழுந்த வீடு வருஷம் திரும்பும்வரை கோயில் காரியத்தில் சேரக்கூடாது. அவள் காத்திருந்தாள். மாசியில் வருஷம் திரும்பியது. சித்திரையில் திருவிழா. கெட்டுப்போன பேரைச் சரிக்கட்ட அந்த ஆண்டுப் பால்குட உபயத்தைச் சிவஞானமே எடுத்திருந்தார். அபிஷேகம் முடிந்ததும் மிச்சப் பாலில் முதல் தம்ளர் உபயகாரருக்கு. அதுதான் வழக்கம்.

திருவிழாக் காலையில் பீலியடியில் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி, யசோதினியின் மடியிலிருந்த பால்மா டின்னைப் பார்த்துவிட்டாள்.

“அடியே, அந்தச் சாம்பல இன்னுமா வெச்சிருக்க? குடத்துல படப்போகுது.”

“குடத்துக்குப் புளி போட்டாச்சுக்கா. இது வேற ஆளுக்கு.”

வேலாயி கையைக் கழுவாமல் அப்படியே நின்றாள். “கொன்னுகின்னு தொலைச்சிராதடி.”

“ஒரு தம்ளர்ல யாரும் சாக மாட்டாங்க. டொக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்.”

“இதையா போயிக் கேட்ட?”

“வேற மாதிரி கேட்டேன்.”

நண்பகலுக்குள் அபிஷேகம் முடிந்தது. சிவஞானம் கழுத்தில் மாலையோடு, பட்டுப்பாவாடை கட்டிய பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வள்ளியம்மை. யசோதினி குடத்தை இறக்கிவைத்தாள். இடுப்பிலிருந்து ஒரு பித்தளைத் தம்ளரையும் டின்னையும் எடுத்தாள். ஒரு பிடி சாம்பலைப் போட்டு உள்ளும் புறமும் தேய்த்தாள். லயத்தில் எல்லாரும் செய்வதுபோல ஒரே தண்ணீரில் அலசிப் பாலை ஊற்றி நீட்டினாள்.

“என்னம்மா இது?”

“உங்க சாம்பல்தாங்க முதலாளி. உங்க வீட்டுல விளக்குற மாதிரியே விளக்கிட்டேன்.”

கூட்டம் நெருங்கி வந்தது. சிவஞானம் ஒரு கணம் தம்ளரைப் பார்த்தார். பிறகு சிரித்து, அண்ணாந்து ஒரே மடக்கில் குடித்தார்.

“போதுமா?”

“பாத்தீங்கள்ல” என்றான் உலையில் வேலை செய்யும் ஒருவன். பலருக்கு மூச்சு வந்தது.

யசோதினி மறுபடி குந்தினாள். மறுபடி ஒரு பிடி சாம்பல். தேய்த்தாள், அலசினாள், ஊற்றினாள்.

“இது பாப்பாவுக்கு.”

குழந்தை கையை நீட்டியது. சிவஞானம் அதை மறு இடுப்புக்கு மாற்றினார்.

“புள்ளைக்குச் சளி. பால் ஆகாது.”

“இப்பத்தானே ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தீங்க” என்றாள் வேலாயி.

“பாப்பா தம்ளரையும் இதுலதான் விளக்குறோம்னு சொன்னீங்களே முதலாளி” என்றாள் யசோதினி. “அப்புறம் எதுக்கு வெளிப் பைப்புல குளிச்சிட்டுப் பாப்பாவத் தூக்குறீங்க? சப்பாத்து எதுக்குக் கேட்டுக்கு வெளிய நிக்குது? நாலு நாள் நின்னு பாத்தேங்க.”

அவர் முகத்தில் வியர்வை இறங்கியது. வள்ளியம்மை, “புள்ளய இங்க தாங்க” என்று கையை நீட்டினாள். நடுவில் வேலாயி வந்து நின்றுகொண்டாள்.

“ஒரு வாய் குடுங்க முதலாளி. எங்க புள்ளைங்க ஒரு வருஷம் குடிச்சதுதானே.”

“குடுங்க” என்றாள் இன்னொருத்தி. பிறகு பின்வரிசையிலும் அதே சொல். கத்தல் இல்லை. வழி கேட்பதுபோல ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். யசோதினி தம்ளரை உயர்த்திப் பிடித்தாள். குழந்தையின் இரண்டு கையும் விளிம்பைப் பற்றின. வாய் குனிந்தது.

சிவஞானம் தம்ளரை ஓங்கி அடித்தார். தம்ளர் கல்லில் உருண்டது. பால் அவர் வேட்டியில் தெறித்தது.

“தெரியும்” என்றார். “தெரியும். போதுமா?”

“எப்பலருந்துங்க?”

“இவ பொறந்ததுல இருந்து.”

அவர் அடிக்காமல் இருந்திருந்தால் தன் கை தம்ளரைப் பின்னால் இழுத்திருக்குமா? யசோதினி இதைப் பலமுறை தன்னிடமே கேட்டிருக்கிறாள். இழுத்திருப்பேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

உலை வேலைக்காரர்கள்தான் முதலில் பாய்ந்தார்கள். ஒருவன் அவர் கழுத்து மாலையைப் பிய்த்தெறிந்தான். யசோதினி நடுவில் போய் நின்றாள்.

“அடிக்காதீங்க. சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட அவருக்குக் கை வேணும்.”

அன்றே கோயில் தலைவரின் கணக்குக் கொப்பியில் எழுதி வாங்கினார்கள். அடுத்த நாள் பொலிஸில் நாற்பத்திரண்டு பேர் அதே வார்த்தையைச் சொன்னார்கள். பஸீல் நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்து குளிப்பைப் பற்றிச் சொன்னார். உலை சீல் வைக்கப்பட்டது. அந்தச் சாம்பலில் விளக்கிய தம்ளரில் குடித்த லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் டொக்டர் ஷஹீலா இரத்தம் எடுத்தாள்.

வழக்கு இன்னும் முடியவில்லை. வள்ளியம்மை இரண்டு தடவை ஆள் அனுப்பினாள்; அவருக்கு நெஞ்சுவலி, உடம்பு பாதியாகிவிட்டது, பெரிய மனதுபண்ண வேண்டும் என்று. யசோதினி, “பாதிதானே போயிருக்கு, முழுசும் போகட்டும்” என்று சொல்லி அனுப்பினாள். ஒவ்வொரு தவணைக்கும் கோர்ட்டுக்கு முதல் பஸ்ஸில் போகிறாள். சிவஞானம் தலையை நிமிர்த்தினால் கண்ணில் படுகிற பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள்.