இரண்டு தடவை கேட்டாள்

தையற்காரருக்கு அன்று தலைக்குமேல் வேலை. நாற்பது சீருடைகள் மறுநாள் காலைக்குள் போயாக வேண்டும். யாரோ ஒரு வாடிக்கையாளர் வைத்துவிட்டுப் போன பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மகள் மெஷின் அருகே வந்து நின்றாள். ஐந்து வயது. வேர்க்கடலை அவள் உடம்புக்கு ஆகாது. யார் எதைக் கொடுத்தாலும் கேட்காமல் வாயில் வைக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி வளர்த்தவர் அவரேதான்.

"அப்பா, இதுல கடலை இருக்கா?"

அவர் நிமிரவில்லை. மறுபடி கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல, சாப்பிட்டுத் தொலையேன்!"

கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. ஒவ்வாமைக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்து, எப்போதும் கடையில் வைத்திருக்கும் மருந்து ஊசியை அவள் தொடையில் குத்திவிட்டு, தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு எதிரே வந்த வண்டியை மறித்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மூச்சு சீரானது. வேலையிலிருந்து அடித்துப் பிடித்து வந்த மனைவி கட்டிலருகே நின்றாள்.

"எப்படிச் சாப்பிட்டா?" என்று நர்ஸ் கேட்டார்.

மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு உண்மையைச் சொல்லத் துணிவு வரவில்லை. "நான் வேலையா இருந்தேன் சிஸ்டர். அவளே எடுத்துத் தின்னுட்டா."

நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "பாப்பா, திங்கறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?"

"கடலை இருக்கான்னு கேக்கணும்."

"அட, எல்லாம் தெரியுதே! அப்புறம் ஏன் கேக்கல?"

குழந்தை அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன்" என்றாள்.

அவர் பொத்தானை விட்டார்.

"இல்ல சிஸ்டர். அவ கேட்டா. ரெண்டு தடவ கேட்டா. நான்தான் பாக்காமலே இல்லன்னுட்டேன்."

மனைவி அவர் பக்கம் திரும்பாமல் மகளின் தலையைக் கோதினாள். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை. நர்ஸ் குழந்தையிடமே திரும்பினார்.

"இனிமே 'இருக்கா'ன்னு மட்டும் கேக்காத. 'படிச்சுக் காட்டுங்க'ன்னு சொல்லு. அப்பாவா இருந்தாலும் விடாத. எங்க, இப்பவே சொல்லு பாப்போம்" என்று மேஜைமேல் இருந்த ரொட்டிப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார்.

அவள் தயங்கினாள். "அப்பா திட்டுவாரு."

"மாட்டேன்டா கண்ணு."

பொட்டலத்தை வாங்கி, பொடி எழுத்துகளில் விரல் வைத்து உரக்கப் படித்தார். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய்... பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"மெதுவாப் படிங்கப்பா," என்றாள் மகள். "அவசரமே இல்ல."