பாய் லைன்

எங்கள் நிறுவனத்தின் பெயரில் யாரோ ஆண்மை மாத்திரை விளம்பரம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். டென்மார்க்கிலிருந்து எங்களிடம் பனியன் வாங்கும் பையர் இங்கருக்கே அப்படி ஒன்று போய்ச் சேர்ந்தது.

இங்கர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு ஒரு வழி சொன்னது. எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பும் உரிமை எந்த சர்வருக்கு உண்டு என்று ஒரு வரி எழுதி, டொமைன் கணக்கில் வெளியிட வேண்டும். எஸ்.பி.எஃப் என்று அதற்குப் பெயர். அந்த வரியில் இல்லாத இடத்திலிருந்து எது வந்தாலும் அவர்கள் சர்வர் வாசலிலேயே தள்ளிவிடும்.

எழுதினேன். மாத்திரை நின்றது. கூடவே எங்கள் மெயில்களும் திரும்பி வர ஆரம்பித்தன. எல்லாம் இல்லை. சில போயின, சில வந்தன. ஏன் என்று புரியவில்லை.

"வேலி போடறேன்னு போட்டு நம்மளையே வெளிய நிறுத்திப்போட்டீங்களே அம்மிணி," என்றார் முதலாளி மாரப்பன். "ஓசி மெயிலே இருந்துட்டுப் போயிருக்கலாமுங்க."

சொந்த டொமைன் வாங்கச் சொன்னது நான்தான்.

அன்றே இங்கர் போன் செய்தாள். துவைத்த சாம்பிளின் அளவுகள் படங்களோடு வெள்ளிக்கிழமை அவள் ஊர் நேரப்படி மதியத்துக்குள் வர வேண்டும், வராவிட்டால் குழந்தைகள் பனியன் ஆர்டர் துருக்கிக்குப் போய்விடும். ஓசி முகவரியிலிருந்து வருவதை அவர்கள் அலுவலகம் ஏற்காது. படம் இருப்பதால் ஃபேக்ஸும் உதவாது.

"இது போச்சுன்னா மெஷினுக்கெல்லாம் உறை போட்டு வெக்கோணுமுங்க," என்றார் மாரப்பன். இந்த முறை கேலி இல்லை.

வியாழக்கிழமை கரண்டு போனது. அந்த வருடம் சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். வழக்கம்போல லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, சுவரில் வைத்த சின்னக் கதவு வழியாகப் பக்கத்து ஷெட்டுக்குப் போனேன். அது எங்களுக்குத் துணி பின்னித் தரும் கியாசுதீன் பாயின் நிட்டிங் ஷெட். எங்கள் போர்வெல் தண்ணீர் அவருக்கு, அவருடைய ஜெனரேட்டரும் இன்டர்நெட்டும் எங்களுக்கு. என் மெயிலில் ஒரே முகவரிக்கு 'நம்ம லைன்', 'பாய் லைன்' என்று இரண்டு கணக்கு வைத்திருந்தேன். கதவைத் தாண்டியதும் கை தானாகவே மாற்றிவிடும்.

பாய் டீ கொண்டுவந்து வைத்தார். நான் திரும்பி வந்த மெயில்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தங்கச்சி, டீ ஆறிப்போய் ஆடை கட்டிருச்சு."

"மெயிலு திரும்பித் திரும்பி வருது பாய்."

"எங்கேருந்து அனுப்புனே?"

"இங்கேருந்துதான்."

பாய் சிரித்தார். "அப்ப எங்க இன்டர்நெட் லைன்காரன் சர்வர் வழியாப் போயிருக்கும். அந்த டென்மார்க் அம்மாவுக்கு என்னைய யாருன்னு தெரியும்? கதவைச் சாத்தாம என்ன செய்யும்!"

விளையாட்டாகத்தான் சொன்னார். டீயைத் தள்ளி வைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்தவை எல்லாம் கரண்டு இல்லாத நேரத்தில் அனுப்பியவை. நான் எழுதிய வரியில் எங்கள் லைன்காரன் சர்வர் மட்டும்தான் இருந்தது. சுவரில் கதவு வைத்த நாளிலிருந்து இந்த ஷெட்டை வேறு இடமாக நான் நினைத்ததே இல்லை.

பாயின் லைன் கம்பெனிக்குப் போன் போட்டு அவர்களுடைய சர்வர் பெயரை வாங்கினேன். எங்கள் வரியில் அதையும் சேர்த்தேன். உலகம் முழுக்க அது தெரிய விடிந்துவிடும்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார் சின்னக் கதவில் வந்து நின்ற மாரப்பன்.

"ரேஷன் கார்டுல பேரு சேக்குற மாதிரிதான் சார். பேரு இல்லைன்னா கடையில அரிசி போட மாட்டாங்க."

"நம்ம கார்டுல பாயா!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு. சாயங்காலம் வரை கரண்டு கிடையாது. பாய் லைனை விட்டால் வழியில்லை. சாம்பிள் துவைத்துக் காய்ந்து வந்தது. மேஜையில் விரித்து அளந்தேன், படம் எடுத்தேன், பாய் ஷெட்டில் உட்கார்ந்து அனுப்பினேன்.

மாரப்பனும் வந்து என் பின்னால் நின்றார். ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வழக்கமாக உடனே திரும்பி வந்துவிடும். வரவில்லை. டீ குடித்தோம். அப்போதும் வரவில்லை. மாரப்பன் துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்.

திரையில் இங்கரின் பெயர் வந்தது. அளவு சரி, சாம்பிள் அப்ரூவ்டு, பல்க் உற்பத்தி ஆரம்பிக்கலாம்.

நான் வாசித்து முடிப்பதற்குள் மாரப்பன் கத்தினார்: "பாய்! நூலை ஏத்துங்க!"

நூல் கோன்கள் மெஷினில் ஏறின. ஒன்றன்பின் ஒன்றாக மெஷின்கள் சுற்ற ஆரம்பித்தன. தெரு முழுக்கக் கரண்டில்லாமல் கிடந்தபோது எங்கள் துணி மட்டும் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியா தங்கச்சி," என்று அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார் பாய். "கார்டுல பேரு ஏறுன உடனே மொத அரிசி நமக்குத்தான்!"

மாரப்பன் என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, வேற யாரு பேராச்சும் விட்டுப்போச்சுங்களா? இப்பவே சேத்திப்போடுங்க."

நான் வாய்விட்டுச் சிரித்தேன்.