நின்று நின்று போன இன்ஜின்

இன்ஜின் இரண்டாம் முறையாக நின்றபோது லாரி மெக்கானிக்குக்குக் கை கால் ஓடவில்லை. எத்தனையோ முரட்டு இன்ஜின்களை வழிக்குக் கொண்டுவந்தவன்தான். ஆனால் லாரி நின்றால் சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டுக் கீழே இறங்கி யோசிக்கலாம். இங்கே இறங்க இடமில்லை. அவனுக்கு நீச்சலும் தெரியாது.

படகு அவனுடைய அக்காவின் கணவருடையது. துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களுக்குத் தண்ணீர் கேனும் காய்கறியும் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். கரையில் ஏற்றி, ஓட்டை உடைசல் பார்த்து, பெயிண்ட் அடித்து, அன்று காலைதான் மறுபடி தண்ணீரில் இறக்கியிருந்தார்கள். இன்ஜினைப் பிரித்து மாட்டியவனே வந்து சத்தத்தைக் கேட்கட்டும் என்று மாமா கூப்பிட்டபோது, பயமாயிருக்கிறது என்று சொல்ல அவனுக்கு வெட்கம். அக்காவும் புதுப் பெயிண்டின் அழகை உடனிருந்து பார்க்க ஏறிக்கொண்டாள்.

காற்று கரையைப் பார்த்து வீசியது. துறைமுக வாசலின் ஓரத்தில் அலையைத் தடுப்பதற்காகக் கொட்டிய கற்கள் ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு இருந்தன. படகு அவற்றை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது. நங்கூரம் போட்டாயிற்று. அடியில் வெறும் சேறு; அது பிடிக்காமல் உழுதுகொண்டே வந்தது. துறைமுகத்துக்கும் போன் செய்தாயிற்று. இழுவைப் படகு வேறொரு கப்பலோடு இருக்கிறதாம்.

மெக்கானிக் இன்ஜின் குழிக்குள் குந்தி, பதறாமல் ஒவ்வொன்றாகப் பார்க்க முயன்றான். முதலில் ஃபில்டர். கிண்ணத்தில் தண்ணீர் இல்லை, அழுக்கு இல்லை. அடுத்து, குழாயில் காற்று புகுந்திருக்குமோ என்று திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தான். குமிழி வரவில்லை, டீசலும் அரைமனதாகத்தான் வந்தது. திருகை இறுக்கிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் சிறிது தூரம் ஓடியதும் இளைத்து, செருமி, மறுபடி நின்றது.

"லாரிக்குச் செய்யற மாதிரியே செய்யறியா மச்சான்? இது கொஞ்சம் நனைஞ்ச லாரின்னு நெனச்சுக்கோ," என்றார் மாமா. கிண்டல்தான், ஆனால் குரல் காய்ந்திருந்தது. பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் தெம்பு இருக்கும் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

டாங்கி மேலே, பம்பு கீழே. பம்பில் வந்து சேரும் குழாயைக் கழற்றினால் டீசல் கொட்ட வேண்டும். கழற்றினான். நாலு சொட்டு விழுந்து நின்றது. குழாய் வாயில் விரலை வைத்தால், விரலை உள்ளே இழுத்தது. டாங்கியின் அடியிலேயே ஏதாவது அடைத்திருந்தால் அத்தனை டீசலையும் இறைத்தால்தான் எடுக்க முடியும். அதற்குள் கற்கள் வந்துவிடும். அலை கற்களின் பொந்துகளில் புகுந்து உறிஞ்சும் சத்தம் இப்போதே கேட்டது.

டீசல் எவ்வளவு இருக்கிறது என்று டாங்கி மூடியைத் திறந்து பார்க்கும்படி அக்காவிடம் கத்தினான். மூடி அசையவில்லை. அவள் சேலைத் தலைப்பைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினாள். ஸ்ஸ் என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. உள்ளே ஒடுங்கியிருந்த டாங்கியின் தகடு 'டொம்' என்று பழைய நிலைக்கு வந்தது. அதே நொடியில் அவன் கையிலிருந்த குழாயிலிருந்து டீசல் முகத்தில் பாய்ந்தது.

டாங்கிக்குக் காற்றுப் போக வழியில்லை. அவ்வளவுதான் நோய்.

குழாயை மாட்டி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் முனகி, இழுத்து, கடைசி மூச்சில் இன்ஜினை எழுப்பியது. மாமா சுக்கானை ஒடித்தார். கற்களில் படிந்திருந்த பாசி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் படகு திரும்பியது. நங்கூரக் கயிற்றை அறுத்து விட்டார்கள்.

ஆனால் தளத்தின் மேல் அலை ஏறியது. மூடியைத் திறந்து வைத்தால் டீசலில் கடல் நீர் புகும். மூடினால் இன்ஜின் வாசலைத் தாண்டாது. அக்கா அலைக்கு அலை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

"வெளிப்பக்கம் அதுக்குன்னு ஒரு மூச்சுக் குழாய் இருக்குமே. அது என்ன ஆச்சு?" என்றார் மாமா.

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. லாரியில் மூச்சுத் துளை மூடியிலேயே இருக்கும். படகின் பக்கவாட்டில் விரல் நுழையாத ஓட்டையைக் கண்டதும், ஏதோ பழைய ஆணி இருந்த இடம் என்று பட்டி வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கியவன் அவனேதான்.

"நான்தான் மாமா அடைச்சேன். சும்மா இருக்கிற ஓட்டைன்னு நெனச்சிட்டேன்."

மாமா திட்டவில்லை. அதுவே அவனை இன்னும் பயமுறுத்தியது. சுக்கானை விட முடியாது, அடைத்தவனே போய்த் தோண்டட்டும் என்று மட்டும் சொன்னார்.

அக்கா மூடியை இறுக்கிவிட்டு வந்து அவன் கால்கள் மேல் உட்கார்ந்தாள். அவன் ஸ்க்ரூ டிரைவரோடு தலைகீழாகத் தண்ணீரின் மேல் தொங்கினான். ஓர் அலை தலையை மூழ்கடித்தது. காதுக்குள் உப்பும் இருட்டும். கத்த வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்தது. இன்ஜின் இளைக்கத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினான், குத்திக்கொண்டே இருந்தான். பட்டி பெயர்ந்தது. விரலடியில் அந்தச் சின்னத் துளை குழந்தை பால் குடிப்பதுபோல் காற்றை இழுத்தது. இன்ஜினின் குரல் தெளிந்தது.

வாசலைத் தாண்டி அமைதியான தண்ணீருக்குள் வந்த பிறகும் அவனால் கைப்பிடிக் கம்பியை விட முடியவில்லை. அக்கா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"மச்சான், யோசிச்சுச் சொல்லு. வேற ஏதாவது ஓட்டைய அடைச்சியா?" என்றார் மாமா.

அவன் யோசித்தான். முகம் மெல்ல வெளுத்தது.

"அந்தப் பக்கம் பின்னால ஒண்ணு. கொஞ்சம் பெரிசு."

அது படகின் அடியில் சேரும் தண்ணீரைப் பம்பு வெளியே தள்ளும் வாய். அக்கா குனிந்து காலடிப் பலகை ஒன்றைத் தூக்கினாள். பலகைக்குச் சற்றுக் கீழே தண்ணீர் பளபளத்தது. மெக்கானிக் தன்னை அறியாமல் இரண்டு கால்களையும் பெஞ்சின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான். மாமா விசையை முழுதாகத் தள்ளி, படகைப் படித்துறைக்குக்கூட அல்லாமல், கண்ணெதிரே தெரிந்த மணல் திட்டின் மேல் நேராக ஏற்றினார்.