கதை நடக்கும் வீடு

என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லாமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அருப்புக்கோட்டையில் கொத்தமல்லி கமிஷன் மண்டி வைத்திருக்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு காலையில் எங்கள் வாசகர் கூட்டத்தில் சிறுகதைகளை அலசுவேன். பெரிய விமர்சகன் என்று நினைப்பு!

அந்த மாதம் தபாலில் ஒரு கதை வந்தது. எழுதியவர் 'மழைச்செல்வி'. புனைபெயர், முகவரி கிடையாது. கதையில் பெரிதாக ஒன்றுமே நடக்காது. ஒரு பெண் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். வெடித்துக் கிடக்கும் கரிசல், இடி விழுந்து பாதி கருகிய வேம்பு, ரோஸ் பெயின்ட் அடித்த தண்ணீர்த் தொட்டி. அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள். அவ்வளவுதான். படித்து முடித்ததும் எனக்கு நெஞ்சை அடைத்தது.

கூட்டத்தில் மைக்கைப் பிடித்து வெளுத்து வாங்கினேன். "புருஷன் அடிச்சான்னு ஒரு வரி உண்டா? இல்ல. ஆனா அந்தக் கதவு சொல்லுது, அந்தக் காஞ்ச காடு சொல்லுது. எடந்தான்யா இங்க கதையே!"

கை தட்டினார்கள். அதோடு உட்கார்ந்து தொலைத்திருக்கலாம். கைதட்டல் தலைக்கேறிவிட்டது.

"இது கற்பனையும் இல்ல. எம்.ரெட்டியபட்டியத் தாண்டி இந்த வீடு இருக்கு. நானே அங்க மல்லி எடுத்திருக்கேன்!"

"அட, அப்ப அது வெள்ளத்துரை வீடுல்ல!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். யாரோ அதைச் செல்போனில் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். கதைப் பெண்ணுக்காக நெஞ்சடைத்த எனக்கு, அந்த வீட்டில் நிஜமாகவே ஒருத்தி இருக்கிறாள் என்பது உறைக்கவில்லை. அவள் சௌந்தரம், வெள்ளத்துரையின் மனைவி. போன வருஷம் எனக்கு மோர் கொடுத்தவள்.

பத்து நாள் கழித்து மல்லி எடுக்கப் போனேன். வெள்ளத்துரை வாசலிலேயே நின்றான்.

"வாங்கண்ணாச்சி. வீடியோ எனக்கும் வந்துச்சு. எங்க வீட்ட அச்சு அசலாச் சொல்லிட்டீக."

சிரித்தான். அவனுக்குப் பின்னால், ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது. சிமெண்டில் ஈரம் காயவில்லை. புனைபெயருக்குள் ஒளிந்து எழுதியவளை நானே காட்டிக்கொடுத்திருக்கிறேன். ஐயோ, பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

"சௌந்தரம் எங்கலே?"

"உள்ளதான் இருக்கா. ஒங்களுக்கு என்ன?"

"கதவத் தொறக்கிறியா, போலீசக் கூப்பிடவா?"

தோளைக் குலுக்கிவிட்டுத் தாழ்ப்பாளை நீக்கினான். உள்ளே கும்மிருட்டு. அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு பக்கம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது.

"வாம்மா, வண்டியில ஏறு. பத்திரமான எடத்துல கொண்டுபோய் விடுறேன்" என்றேன்.

அவள் என்னை ஒரு கண்ணால் பார்த்தாள்.

"எந்த எடம்னு அதையும் மைக்குல சொல்லுவீகளா, அண்ணாச்சி?" என்றாள். எழுந்திருக்கவில்லை.