நிலவொளி வந்த கல்யாணம்

"இருபது வருஷமா அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குள்ள கோட்டை புடிச்சீங்களே, கல்யாணத்துக்கு வர ஒரு மனுஷனைப் புடிச்சீங்களா?"

போக்ஹீ போட்ட சத்தத்தில் கீழ்மாடிக்காரர்கள் டிவியை அணைத்துவிட்டார்கள். பின்னே, கேட்க வேண்டாமா?

மகள் ஹாரிமுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஜொஞ்ஜுவிலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். பெண் வீட்டுப் பக்கம் நாற்காலிகள் காலியாகக் கிடந்தால், போட்டோவில் ஆளில்லாமல் பல்லிளித்தால், சம்பந்தியம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். வாடகைக்கு ஆள் பிடிக்கலாமா என்றுகூட போக்ஹீ விசாரித்துவிட்டாள்.

"எங்க படையைக் கூப்பிடறேன்" என்றார் தோங்சிக், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"யாரு, அந்த நிலவொளியா?"

விளையாட்டில் அவர் பின்னாலேயே நடந்து காயம் ஆற்றுகிற வனதேவதை அவள். 'நீ இல்லேன்னா நான் செத்தேன்' என்று புருஷன் அவளுக்கு எழுதியதைப் பார்த்த நாள்முதல் போக்ஹீக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் திபுதிபுவென்று ஒரு கூட்டம். பூசான் மீன்கடைக்காரி, பல் டாக்டர், பஸ் டிரைவர். எல்லோரும் தோங்சிக்கைக் குனிந்து வணங்கி, "சோங்ஜு ஐயா, வாழ்த்துகள்!" என்றார்கள்.

கொரிய மொழியில் கோட்டைத் தலைவனும் சோங்ஜுதான், முலாம்பழம் விளைகிற ஊரும் சோங்ஜுதான். சம்பந்தியம்மாவுக்கு ஊர்தான் காதில் விழுந்தது.

"சோங்ஜுவா உங்க ஊரு? சொல்லவே இல்லையே சம்பந்தி! நிலம் நீச்சு உண்டா?"

"ஏதோ... கொஞ்சம் இருக்கு" என்றாள் போக்ஹீ.

அப்போது வழுக்கைத் தலை லாரிக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அண்ணி, பாப்பா நடந்து வந்தப்போ அழுகையே வந்துடுச்சு. நான்தான் நிலவொளி."

போக்ஹீ சிரித்த சிரிப்பில் மணப்பெண்ணே திரும்பிப் பார்த்தாள். போட்டோவில் பெண் வீட்டுப் பக்கம் நிற்க இடமில்லை. நிலவொளியை முன்வரிசைக்கு இழுத்து நிறுத்தியது போக்ஹீயேதான்.

ஹாரிம் புருஷனோடு ஜொஞ்ஜு போய்விட்டாள். பின்னாலேயே நிலவொளியும். மாப்பிள்ளையின் விதவை அத்தையைக் கட்டிக்கொண்டு அங்கேயே லாரி ஓட்டுகிறாராம். தோங்சிக் இப்போதெல்லாம் சீக்கிரம் தூங்கிவிடுகிறார். கோட்டைக்குக் காவல் போக்ஹீ. விளையாட்டில் அவள் பெயர் முலாம்பழம். வருஷா வருஷம் சந்தையில் ஒரு பெட்டி நிஜப் பழமும் வாங்கி, "எங்க தோட்டத்துது" என்று சம்பந்தியம்மாவுக்கு அனுப்பிவைக்கிறாள்.